புஷ்பராணிக்கு வச்ச கேமரா

வாயத் தொறங்க தம்பி. இன்னும்... இன்னும் கொஞ்சம்... ஆங், அப்படியே வச்சுக்குங்க. அதான் சொல்றேன், யாரோ சொல்லி நான் நம்பல. என் கண்ணால பார்த்தேன். கெலுகோர்ல என் வீட்டு சாப்பாட்டு மேசையில உக்காந்துக்கிட்டு, இங்க டத்தோ கெராமாட் ரோட்டுல, இந்தக் கிளினிக்கில, அவ என்ன செய்யிறான்னு பார்த்தேன். கண்ணால பார்த்தத எப்படி இல்லன்னு சொல்றது?

யாரா? புஷ்பராணி லா. வெளிய கவுண்டர்ல உக்காந்திருப்பாளே, கண்ணாடி போட்டுக்கிட்டு. போன் எடுக்குறது, கார்டு எழுதுறது, எனக்கு சாமான் எடுத்துக் குடுக்குறது எல்லாம் அவதான். பத்தொம்பது வருஷம். போன வியாழக்கிழமையோட சரி, போயிட்டா. போகட்டுமே. ஒரு ஆள் இல்லன்னா பல்லு புடுங்க முடியாதா... சின்னக் கண்ணாடி எங்க வச்சா இவ... இந்த டப்பாவுல... இது நூலு. இது என்ன, புளிப்பு மிட்டாயி. கிளினிக்குக்குள்ள மிட்டாய், பாருங்க. நீங்க வாய மூடாதீங்க, இதோ கெடைச்சிருச்சு.

உங்க கார்ட தேடவே எனக்கு கால் மணி நேரம் ஆச்சு. சிக்கந்தர். துறைமுகத்துல கிரேன் ஓட்டுறீங்க. தொண்ணூத்தஞ்சுல வந்து ஒரு பல்ல அடைச்சிருக்கீங்க. அப்பவே சொன்னேனே, அந்தக் கடவாய்ப் பல்ல கவனிக்கச் சொல்லி. இப்ப கன்னம் வீங்கி, கண்ணு சிவந்து, படியேறி வந்து நிக்கிறீங்க. ஒரு போன் போட்டுட்டு வந்திருக்கலாமில்ல? முன்னெல்லாம் எல்லாரும் போன் போட்டுட்டுத்தான் வருவாங்க. நீங்க ஏன் போடல?

ஆ? ஆஆ...? வலிக்குதா? இருங்க இருங்க, அசையாதீங்க, ஒரு ஊசி போட்டுருவோம். சுருக்குனு இருக்கும். அவ்வளவுதான்.

மரத்துப் போகுற வரைக்கும் கேளுங்க. சீனப் பெருநாளு முடிஞ்சதும் ஆளு கொறைய ஆரம்பிச்சது. நாளைக்குப் பன்னெண்டு பேரு வந்த எடத்துல ஒம்பது, எட்டு. பொருளாதாரம் சரியில்லன்னு எல்லாரும் சொல்றாங்க, சரி. ஆனா பல்லுவலிக்குப் பொருளாதாரம் தெரியுமா? அப்புறந்தான் கேள்விப்பட்டேன், புலாவ் திக்குஸ்ல ஒருத்தன் புதுசா பல் கிளினிக் தொறந்திருக்கான். ஏர்கோன், டிவி, மீன் தொட்டி... பல்லு புடுங்க வந்தவனுக்கு மீன் எதுக்குங்கறேன்? சரி, அதுக்கப்புறம் எனக்கு ராத்திரி பகல் இதே யோசனை. நம்ம ஆளுங்க அங்க எப்படிப் போறாங்க? யாரோ அனுப்புறாங்க. யாரு அனுப்ப முடியும்? போன் எடுக்குறவதான் அனுப்ப முடியும்.

என் வைஃப் யோகம் சொன்னா, ‘புஷ்பராணி அப்படிச் செய்யிற ஆளா’ன்னு. நீ பேசாம இருன்னேன்.

எங்க அக்கா மவன் வாசு, பாயான் லெப்பாஸ்ல ஃபேக்டரி இன்ஜினியரு. அவன்தான் ஒரு நாளு சாப்புட வந்தப்ப சொன்னான். ‘மாமா, இப்ப சின்ன கேமரா வந்திருக்கு, கம்ப்யூட்டர்ல மாட்டி இன்டர்நெட்ல விட்டா, வீட்டுலேர்ந்தே கடையப் பார்க்கலாம், அரை நிமிஷத்துக்கு ஒரு படம் வரும்’னான். மில்லேனியம் வரப்போகுது, நாம மட்டும் பின்தங்கி இருக்கலாமா? ஞாயித்துக்கெழமையே கூட்டிக்கிட்டு வந்துட்டேன். கோல்ப் பந்து மாதிரி ஒரு உருண்டை. அத கவுண்டர் கம்ப்யூட்டர் மேல வச்சான். சுவத்துலேர்ந்து போன் வயர உருவி ஒரு பெட்டியில சொருகினான். அந்தப் பெட்டியிலேர்ந்து இன்னொரு வயரு போனுக்கு. பெட்டி கொஞ்ச நேரம் கீ... கொர்ர்னு கோழியப் புடிச்ச மாதிரி கத்திச்சு, அப்புறம் அடங்கிருச்சு. ‘படம் அறுந்து போனா அதுவே திரும்ப டயல் பண்ணிக்கும் மாமா’ன்னான். கெட்டிக்காரன் லா. வேற என்னமோ சொல்லிக்கிட்டேதான் இருந்தான். ‘மாமா இதக் கேளுங்க, இது முக்கியம்’னான். எனக்குத் தெரியும்டா, நீ வாயத் தொற, உன் ஞானப் பல்லு கோணலா வருதுன்னேன். அவன் பல்லு நெசமாவே கோணல், தம்பி. அரை மணி நேரம் அதத்தான் அவனுக்கு வெளக்கினேன்.

புஷ்பராணிகிட்ட அது கம்ப்யூட்டரோட மைக்குன்னு சொல்லி வச்சேன். பொய்தான். ஆமா, பொய்தான், என்ன பண்றது? அவ தெனம் காலையில ஈரத்துணியால அதத் தொடைப்பா. ஒரு படத்துல திரை முழுக்க அவ கண்ணு மட்டும்.

ஆ? என்ன தம்பி, கைய ஆட்டுறீங்க? இன்னும் மரக்கலயா? வீக்கம் இருந்தா அப்படித்தான், சீக்கிரம் புடிக்காது. இன்னொரு ஊசி. அசையாதீங்கன்னா... ஆங்.

ஒரு மணிக்கு நான் வீட்டுக்குப் போயிருவேன், பசியாறிட்டு மூணு மணிக்குத்தான் வருவேன். அந்த ரெண்டு மணி நேரம் அவ தனியா கவுண்டர்ல. நான் வீட்டுல சோத்தத் தட்டுல போட்டுக்கிட்டு கம்ப்யூட்டர் முன்னால. முதல் நாளு ஒண்ணும் இல்ல. அவளும் சாப்புடுறா, நானும் சாப்புடுறேன். யோகம் எட்டிப் பார்த்துட்டு, ‘இதுக்கா இவ்வளவு செலவு’ன்னா. ரெண்டாவது நாளு பார்க்குறேன், அவ போன் எடுக்குறா. காதுல வைக்கிறா. அப்படியே படம் நின்னு போச்சு. ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம். திரும்பப் படம் வந்தப்ப போன் கீழ இருக்கு, அவ சும்மா உக்காந்திருக்கா. மறுநாளும் அதே. அவ போன தொட்டாலே படம் அறுந்துரும். எவ்வளவு கள்ளத்தனம் பாருங்க. எனக்குத் தெரியாம ஏதோ பேசணும்னா கேமராவ நிறுத்திட்டுப் பேசுறா. எப்படி நிறுத்துறான்னுதான் எனக்குப் புரியல.

அதுலேர்ந்து கணக்கா கவனிச்சேன். ஒரு நாளைக்கு நாலு தடவ, அஞ்சு தடவ எடுப்பா, வைப்பா. ஆனா வெளியிலேர்ந்து ஒரு போனு வராது. நான் இங்க இருக்குறப்பவும் வராது. அடிக்கவே அடிக்காது. முன்னெல்லாம் நான் பல்லத் துளைக்கிற சத்தத்துக்கு மேல அந்தப் போன் சத்தம் கேக்கும், எனக்கு எரிச்சலா வரும். கேமரா வச்ச முதல் வாரம் மொத்தமா பத்து பேரு. ரெண்டாவது வாரம் நாலு பேரு. மூணாவது வாரம் ஒரு சீனத்துக் கெழவி வந்தாங்க, அதுவும் கீழ இருக்குற மருந்துக் கடைன்னு நெனச்சு ஏறிட்டாங்க. கும்புட்டு அனுப்பி வச்சேன். கிளினிக்க மூடிரலாமான்னு கூட யோசிச்சிட்டேன் தம்பி, நெசமாத்தான். முப்பது வருஷமா இந்த எடத்துல இருக்கேன். மூடிட்டு வீட்டுல உக்காந்து யோகத்துக்கு வெங்காயம் உரிக்கிறதா?

அவ என்ன சொன்னா தெரியுமா? ‘டாக்டர், போன்ல ஏதோ கீச் கீச்சுன்னு சத்தம் வருது, ஆளக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்க’ன்னா. சாக்கு. மூணு தடவ வந்து சொன்னா. முதல் தடவ, அப்புறம் பார்க்கலாம்னேன். ரெண்டாவது தடவ, போன் நல்லாத்தான் இருக்கு, எடுக்குற ஆளுதான் சரியில்லன்னேன். மூணாவது தடவ அவ வாயத் தொறந்தா, நான் பேச விடல. நமக்குத் தெரியாதா?

ஆ... ஆன்னா என்ன அர்த்தம்? தலைய ஆட்டாதீங்க தம்பி, ஊசி எங்கயாவது போயிரும். மூணாவது. இதோட போதும், இதுக்கு மேல மாட்டுக்குத்தான் போடுவாங்க.

வியாழக்கிழமை படத்தையெல்லாம் பிரின்ட் எடுத்தேன். பதினொரு படம். கவுண்டர் மேல சீட்டு விரிக்கிற மாதிரி விரிச்சேன். ஒண்ணு நாப்பதுக்கு யாருக்குப் போன் பண்ணின, ரெண்டு பத்துக்கு யாருக்குன்னு கேட்டேன். சத்தம் போட்டுத்தான் கேட்டேன், ஒளிக்க என்ன இருக்கு. அவ ஒவ்வொரு படமா எடுத்துப் பார்த்தா. அந்த உருண்டையப் பார்த்தா. ‘மூண்டு கிழமையாவோ டொக்டர்’ன்னு மட்டும் கேட்டா, மூணு வாரமாவான்னு. அவளும் எங்க ஆளுதான் தம்பி, யாழ்ப்பாணம். வீட்டுல நாங்க எல்லாம் அப்படித்தான் கதைக்கிறது, வெளிய வந்தாத்தான் இந்தப் பேச்சு. கிளினிக்கில அவ எங்கிட்ட அப்படிப் பேசினது அதுதான் முதல் தடவ.

அதுல ஒரு படம்... அது வேணும்னு எடுத்தது இல்ல. அதுவா வந்தது. யாரும் இல்லன்னு நெனச்சு, கால ஸ்டூல் மேல தூக்கி வச்சு, சீலைய முட்டிக்கு மேல தள்ளி, தைலம் தேய்ச்சுக்கிட்டிருந்தா. அவளுக்கு முட்டி வலி போல. எனக்குத் தெரியாது. அந்தப் படத்த மட்டும் எடுத்து நாலா மடிச்சு ஹேன்ட்பேக்ல வச்சா. சாவிய மேசையில வச்சா. படியில எறங்கிப் போயிட்டா. தப்பு செய்யாதவ ஏன் பதில் சொல்லாமப் போகணும்? சொல்லுங்க. நீங்களே சொல்லுங்க.

சரி, இப்ப மரத்திருக்கும். இங்க தட்டுறேன், தெரியுதா? தெரியல. நல்லது. கைப்பிடிய இறுக்கிப் புடிச்சுக்குங்க. அழுத்துறது மட்டும் தெரியும்... கொஞ்சம் பிடிவாதமான பல்லுதான்... வா வா வா... ஆங். வந்துருச்சு. பாருங்க, வேரு எவ்வளவு நீளம். பஞ்சு... பஞ்சு எங்க... இந்தாங்க, கடிங்க. நல்லா கடிங்க. அரை மணி நேரத்துக்குப் பேசக்கூடாது, வாயத் தொறந்தா ரத்தம் நிக்காது.

என்ன? பேசக் கூடாதுன்னேன் லா. என்ன வேணும், தண்ணியா? பேப்பரா? பேனாவா? இந்தாங்க, கார்டு பின்னாலயே எழுதுங்க. ரசீது வேணுமோ என்னமோ. குடுங்க... என் கண்ணாடி... ம்.

‘திங்கக்கெழமையிலேர்ந்து போன் பண்றேன். எந்நேரமும் எங்கேஜ்.’

எங்கேஜா? எப்படி எங்கேஜ் ஆகும், யாரும் போன் பண்ணவே... நீங்க நம்பர மாத்திப் போட்டிருப்பீங்க. இல்லயா? என்ன, இன்னும் எழுதணுமா? எழுதுங்க.

‘கம்ப்யூட்டர் அந்த லைன்ல இன்டர்நெட்ல இருந்தா யாரும் உங்களக் கூப்பிட முடியாது. எங்க ஆபீஸ்லயும் அப்படித்தான். போன எடுத்தா கீச்சுன்னு கேக்கும், இன்டர்நெட்டும் அறுந்துரும்.’

கீச்சுன்னு.

அப்ப... இருங்க தம்பி. அவ போன எடுத்தா படம் அறுந்துச்சு. போன் வேல செய்யுதான்னுதான்... எடுத்து எடுத்துப் பார்த்திருக்கா. நாளைக்கு நாலு தடவ, அஞ்சு தடவ. யாராவது கூப்பிட மாட்டாங்களான்னு அவளும்... அத நான் சோறு தின்னுக்கிட்டே பார்த்திருக்கேன்.

வாசு அதத்தான் சொல்ல வந்திருக்கான். முக்கியம்னு சொன்னானே. நான் அவன் பல்லப் பத்தி...

உக்காருங்க, எந்திரிக்காதீங்க... சரி, கவுண்டருக்கே வந்துட்டீங்க, காட்டுங்க. எந்த வயரு? இதுவா? இந்தப் பெட்டியிலேர்ந்து போறது... உருவியாச்சு. சுவத்துல சொருகிட்டேன். இப்ப எடுத்துப் பார்க்கவா... ஆ, அடிக்குது. அடிக்குது தம்பி. ஹலோ? ஆமா, நான்தான். இல்லங்க, மூடல. இல்ல, நான் நல்லாத்தான் இருக்கேன், யாரு சொன்னா செத்துட்டேன்னு? அப்பாயின்மென்ட் புக் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியல. நாளைக்கு எப்ப வேணா வாங்க. வைங்க, வைங்க, எனக்கு ஒரு போன் பண்ணணும்.

அவ நம்பர்கூட எனக்குத் தெரியாது தம்பி. பத்தொம்பது வருஷத்துல நான் ஒரு நாளும் அவளுக்குப் போன் பண்ணதில்ல. சுவத்துல எல்லார் நம்பரும் எழுதி ஒட்டியிருக்கா, ஆஸ்பத்திரி, மருந்துக்காரன், எங்க வீடு... அடியில அவ நம்பரு. என்னன்னு சொல்றது? எனக்கு வெக்கமா இருக்கு தம்பி. நீங்க பேசுறீங்களா? ஆமா, நீங்க பேசக்கூடாது.

அடிக்குது.

ஹலோ... புஷ்பராணியோ? நான்... நான்தான் கதைக்கிறன். ஓம், டொக்டர்தான். இல்லை, வைச்சிடாதேங்கோ. ஒரு நிமிசம். போன் பழுது எண்டு நீங்கள் சொன்னது சரி. நான் வைச்ச கேமராதான் லைனைப் பிடிச்சுக்கொண்டிருந்தது. நீங்கள் ஒண்டும் செய்யேல்லை. பிழை முழுக்க என்ர. அந்தப் படம்... அதை நான் பாத்திருக்கக் கூடாது. எந்தப் படத்தையும் பாத்திருக்கக் கூடாது.

ஓம்.

ஓம்... ஓம், அதுவும் உண்மை. அப்பவும் நீங்கள் சொன்னதை நான் காது குடுத்துக் கேக்கேல்லை. தொண்ணூற்றிரண்டிலயோ? எனக்கு ஞாபகம் இல்லை... இல்லை, இல்லை, நீங்கள் சொன்னால் சரியாத்தான் இருக்கும்.

வருவீங்களோ எண்டு நான் இப்ப கேக்கேல்லை. ஓம். நீங்கள் முதல்ல சொல்லி முடியுங்கோ.

என்ன சத்தமோ? ஒண்டுமில்லை. பல்லுப் பிடுங்க வந்த தம்பி கழுத்தில கட்டின துணியோடயே படியால இறங்கிப் போறார். போகட்டும். நீங்கள் சொல்லுங்கோ.