என் முறை இல்லாத நாள்

படகா? போலாம் மேடம், ஏரி எங்க ஓடிடப் போவுது? காலங்காத்தால பஸ் ஏறி வந்துருக்கீங்க, மொதல்ல அந்தச் சேர்ல ஒக்காருங்க. ஏய் பச்சையம்மா, டீ போடு! காலேஜ்லேர்ந்து காவியா மேடம் வந்துருக்காங்க. ஏரில உப்பு எவ்ளோன்னு பாக்க மெதவ வுட்டாங்களே, அவுங்கதான்.

மெதவைய பாக்காம போ மாட்டீங்களா? பாக்கலாம், பாக்கலாம். இந்தக் கார்டு ஞாபகம் இருக்குதா? நீங்க குட்த்ததுதான். சின்னதம்பி, கள உதவியாளர்னு போட்டோவோட. இத மாட்டிக்கினு நான் பண்ண அலப்பறை இருக்குதே! கண்ணாலத்துக்கும் மாட்டிக்கினு போனேன், சாவுக்கும் மாட்டிக்கினு போனேன். மீன் ஏலத்துல நிக்கும்போது சட்டைக்கு வெளில எட்த்து வுட்டுக்குவேன். எட்டாவது பெயிலு, சயின்டிஸ்ட் ஆயிட்டேன்ல!

உப்பு ஏன் ரெண்டு நாளு ஏறி, ஒரு நாளு எறங்குதுன்னா கேக்குறீங்க? அதுக்குதான் வரேன். எங்க ஊர்ல பாடுன்னு ஒண்ணு இருக்குது மேடம். நீங்க மெதவ வுட்ட எடம் இருக்குதே, அந்த மாதிரி எரா புடிக்கிற எடத்துக்கு சீட்டு போட்டு, ஆளுக்கொரு நாளுன்னு எறங்குவோம். மூணு நாளைக்கு ஒரு தபா என் மொற. மத்த ரெண்டு நாளும் அங்க என் வல நிக்கக் கூடாது, கழி நிக்கக் கூடாது, என்னுதுன்னு ஒரு கயிறு கூட கெடக்கக் கூடாது. எங்க நைனா காலத்துலேர்ந்து அதான் கட்டுப்பாடு. மீறினா ஊர்க் கூட்டத்துல நிக்க வெச்சி கேப்பாங்க.

நீங்க அன்னிக்கி இன்னா சொன்னீங்க? அண்ணா, இத உங்க சொந்தப் பொருளு மாதிரி பாத்துக்கங்கன்னீங்க. தண்ணில்லாம வெச்சா கெட்டுடும்னீங்க. ரெண்டையும் அப்டியே மண்டைல ஏத்திக்கினேன். நம்ம மண்ட அப்டி. ஒரு தபா ஏறிச்சின்னா எறங்காது, பக்கத்துல வேற எதையும் ஒக்கார வுடாது.

டீ ஆறுது, குடிங்க. ரிப்போர்ட்டு நாளைக்கு கலெக்டர் ஆபீசுக்கு போவுதாமே? உங்ககூட வருவானே காலேஜ் பையன் சிவசங்கர், அவன் சொன்னான். ஏரில உப்பு நல்லா இருக்குது, கடல் தண்ணி தாராளமா உள்ள வருது, மொகத்துவாரத்துல மண்ணு வார வேணாம்னு எழுதிக்கிறீங்களாம். கேட்டதுலேர்ந்து எனுக்கு சோறு எறங்கல மேடம். மொகத்துவாரத்துல முட்டி அளவு கூட தண்ணி இல்ல. கடல் வராம எரா எப்டி வரும்? சுத்துப்பட்டு ஊரு அத்தினி வயிறும் அதுலதான் கெடக்குது. பயமா இருக்குது, வெக்கமாவும் இருக்குது.

கார்ட வேணும்னா கழட்டிக்கினு போங்க. கூட்டத்துல நானே எய்ந்து நின்னு சொல்லிடறேன். அந்த ரிப்போர்ட்ட மட்டும் அனுப்பாதீங்க.

எய்ந்துக்காதீங்க, படகு வேணாம். இன்னிக்கி என் மொற இல்ல. அந்த மெதவ உப்பு எவ்ளோன்னுதான சொல்லும், எங்க நிக்குதுன்னு சொல்லாதில்ல? அதோ, கொல்லையில நீல டிரம்மு தெரியுதா? மூடியத் தொறந்து பாருங்க, மஞ்சளா மெதந்துக்கினு இருக்கும். சேதாரம் ஒண்ணும் இல்ல, பத்தரமாதான் வெச்சிருக்கேன். தண்ணி மட்டும்தான் மேடம், பச்சையம்மா கருவாட்டுக்கு உப்பு கரைச்சி வெச்ச தண்ணி.