வட்ட ரயிலில் வைத்துவிட்டு இறங்கிய ஜாடி

பெயர்: குசகபே இட்சுகோ. வயது: 67. கணவர் பெயர்: குசகபே தமோட்சு (இறந்துவிட்டார்). தொழில்: நண்டு உடைக்கும் கூலி வேலை. முகவரி: தொட்டோரி மாகாணம், சகாய்மினாதோ, துறைமுகப் பின்தெரு. ஒசாகா காவல் நிலையத்தில் இன்று மாலை ஐந்து மணிக்கு, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் கொடுத்த வாக்குமூலம்.

நான் மேற்கண்ட முகவரியில் தனியாகக் குடியிருந்து வருகிறேன். பத்தொன்பது வருடங்களுக்கு முன் ஒசாகாவுக்குக் கட்டட வேலைக்கு வந்த என் கணவர், இங்கே வேறொரு பெண்ணோடு குடித்தனம் வைத்துக்கொண்டு திரும்பி வரவில்லை. அதே குளிர்காலத்தில், என்னோடு நண்டுக் கொட்டகையில் வேலை பார்க்கும் தொமோயேயின் கணவர் போன மீன்பிடிப் படகு மூழ்கியது. உடல் கிடைக்கவில்லை. ஊரே அவளுக்காக அழுதது. புருஷன் செத்தவளுக்கு மரியாதை இருந்தது, புருஷன் ஓடிப்போனவளுக்குக் கேலிதான் இருந்தது. அதனால் என் கணவரும் சாரத்திலிருந்து விழுந்து இறந்துவிட்டார், ஒசாகாவிலேயே காரியம் முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். அதன் பிறகு வருடா வருடம் தொமோயேயும், எங்களோடு வேலை பார்க்கும் கினுயோவும் என் வீட்டுக்கு வந்து அவர் படத்துக்கு முன் ஊதுவத்தி ஏற்றுவார்கள். "நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே தலையெழுத்துடி" என்று தொமோயே சொல்வாள். நான் தலையை ஆட்டுவேன்.

சென்ற மாதம் ஒசாகா வட்டார அலுவலகத்திலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. என் கணவர் மருத்துவமனையில் இறந்துவிட்டதாகவும், கூட இருந்த பெண் முன்பே அவரை விட்டுப் போய்விட்டதாகவும், குடும்பப் பதிவேட்டில் மனைவி என்று என் பெயர் இருப்பதால் அஸ்தியை வந்து வாங்கிக்கொள்ளும்படியும் எழுதியிருந்தார்கள். தனியாக வந்து போகத்தான் நினைத்தேன். ஒசாகாவுக்குப் போகிறேன் என்று வாய் தவறிச் சொன்னதும் கினுயோ, "எங்களை விட்டுட்டா? நண்டு சீசன்தான் முடிஞ்சு போச்சே. கோட்டை, கோபுரம் எல்லாம் பார்த்துட்டு வருவோம்" என்றாள். மறுக்கக் காரணம் கிடைக்கவில்லை.

இன்று காலை ஒன்பது மணிக்கு, உறவினரைப் பார்க்கப் போவதாகச் சொல்லி அவர்களை விடுதியில் விட்டுவிட்டு, அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்திட்டு அஸ்தியை வாங்கினேன். வெள்ளை ஜாடி, அதை வைத்த மரப்பெட்டி, அதைச் சுற்றி நான் கொண்டுபோன ஊதாத் துணி. என் பைக்குள் அது அடங்கவில்லை. அதன் பிறகு கோட்டை வாசலில் அவர்களைச் சந்தித்தேன். என்ன மூட்டை என்று கினுயோ கேட்டதற்கு, உறவினர் கொடுத்த ஊறுகாய் என்றேன். "மதியம் சோத்துக்கு நாலு எடுத்து வைடி. உங்க ஆளுங்க கைப்பக்குவத்தைப் பார்ப்போம்" என்றாள். இன்னும் ஒரு வருடம் ஊற வேண்டும் என்று சொன்னேன்.

கோட்டையில் படி ஏறும்போது எனக்கு முட்டி வலித்தது. தொமோயே மூட்டையைப் பிடுங்காத குறையாக வாங்கி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மேல்தளம் வரை சுமந்தாள். ஜாடி உடைந்துவிடும் என்று கீழேயே வைக்கவில்லை. மேலே மூவரும் படம் எடுத்துக்கொண்டோம். தொமோயே நடுவில் மூட்டையோடு சிரித்தபடி நிற்கிறாள். அந்தப் படம் இப்போதும் கினுயோவின் போனில் இருக்கிறது. என் புருஷனை அவள் கையில் கொடுத்துவிட்டு நானும் பக்கத்தில் நின்று சிரித்திருக்கிறேன். அந்த மூட்டையை எப்படியாவது தொலைத்துவிடுவது என்று அங்கேதான் முடிவு செய்தேன்.

அதன் பிறகு ஒகோனோமியாகி என்கிற முட்டைக்கோஸ் அடை போடும் கடையில் சாப்பிட்டோம். மூட்டையை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு எழுந்து வந்தேன். இரண்டு தெரு தள்ளி அந்தக் கடைப் பெண் மூச்சிரைக்க ஓடி வந்து, "அம்மா, இதை விட்டுட்டுப் போறீங்களே" என்று இரண்டு கையாலும் நீட்டினாள். கினுயோ சிரித்தாள். "பாருடி, ஊறுகாய்க்கு உன்னைப் பிரிய மனசில்லை."

அதன் பிறகு வட்டப் பாதை ரயிலில் ஏறினோம். மூட்டையை என் கையாலேயே தலைக்கு மேல் உள்ள பலகையில் வைத்தேன். கோபுரம் இருக்கும் நிறுத்தம் வந்ததும் இருவரையும் அவசரப்படுத்தி இறக்கினேன். கதவு மூடிக்கொண்டது. இது மறதியில் நடந்ததல்ல, தெரிந்தே செய்தேன்.

நடைமேடையிலேயே தொமோயே என் வெறுங்கையைப் பார்த்துவிட்டாள். போனால் போகட்டும் என்றேன். "என்னடி பேசுற, ஒருத்தர் கைவேலை அது" என்று சொல்லிவிட்டு அவளே நிலைய அலுவலகத்துக்குப் போய், ஊதாத் துணி, உள்ளே ஊறுகாய் ஜாடி என்று எழுதிக் கொடுத்தாள். ஒரு மணி நேரம் காத்திருந்தோம். கோபுரம் பார்க்க முடியவில்லை. தொமோயே எனக்குத் தேநீர் வாங்கி வந்து, கிடைத்துவிடும், கவலைப்படாதே என்று தேற்றினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் நான், அந்தத் தேநீரையும் வாங்கிக் குடித்தேன்.

மூட்டை வந்ததும் ஊழியர் விதிப்படி எங்கள் முன்பாகவே அவிழ்த்தார். பெட்டிக்குள் இருந்த தகனச் சான்றிதழைப் படித்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டுக் குனிந்து வணங்கினார். கினுயோ எட்டி அந்தக் காகிதத்தைப் பார்த்தாள். "தமோட்சு அண்ணன் பேர் போட்டிருக்கு. தேதி போன மாசம். அப்போ இத்தனை வருஷமா நாங்க யாருக்குடி ஊதுவத்தி ஏத்தினோம்?" என்று கேட்டாள். எல்லாவற்றையும் அங்கேயே சொன்னேன். அஸ்தியை வேண்டுமென்றே விட்டுப் போவது குற்றம் என்று ஊழியர் போலீசுக்குத் தகவல் கொடுத்தார்.

தொமோயே என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் அவிழ்த்த ஊதாத் துணியை மறுபடி பெட்டியைச் சுற்றிக் கட்டிவிட்டு, "போன மாசம் வரைக்கும் உயிரோட இருந்திருக்காருடி. நீ போய்ப் பார்த்திருக்கலாமே" என்றாள்.

அஸ்தியை ஊருக்குக் கொண்டுபோய் என் பொறுப்பில் அடக்கம் செய்வேன். அதை ரயிலில் விட்டுவிட்டு இறங்கியதற்குரிய தண்டனை எதுவானாலும் ஏற்றுக்கொள்கிறேன். இச்செயலால் பாதிக்கப்பட்டவர் யார் என்று அதிகாரி கேட்டார். தொமோயே என்றேன். சட்டப்படி அவரை அப்படி எழுத முடியாது என்று சொல்லி அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறார். அதில் அவள் பெயரை எழுதும்படி மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன்.

நான் சொன்னதைச் சொன்னபடியே எழுதி எனக்கு வாசித்துக் காட்டினார்கள். கூட்டவோ குறைக்கவோ எதுவுமில்லை. அவ்வளவும் உண்மை.

(ஒப்பம்) குசகபே இட்சுகோ