வெளியே போய்க் கதவைத் தட்டுங்கள், தலைவர் அவர்களே!

மேடையில் வீற்றிருக்கும் நமது நாடக அறக்கட்டளையின் தலைவர் திரு. ரூபர்ட் ஆஷ்கோம் அவர்களே, நாற்காலி கிடைக்காமல் படிக்கட்டில் நிற்கும் நடிக நடிகையரே, கீழே பீர்க் குழாயை மூடிவிட்டு மாடியேறி வந்திருக்கும் மதுக்கடை பிரெண்டா அம்மா அவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நான் கிளிஃப். இன்று நாம் அஞ்சலி செலுத்தக் கூடியிருக்கும் இயக்குநர் டிலிஸ் பார்ஜெட்டர் அம்மையார் இந்த மாடியறையில் போட்ட பாட்டு நாடகங்களுக்கெல்லாம் பியானோ வாசித்தவன். உங்களுக்கு என் முதுகுதான் பழக்கம். இன்று முகத்தைக் காட்டிப் பேசுகிறேன். கோபமாக இருக்கிறேன், முன்னாடியே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு முன் பேசிய தலைவர் என்ன சொன்னார்? "லண்டன் சிறு மேடைகளின் தாய்" என்றார். அடேயப்பா! உயிரோடு இருந்தபோது அந்தத் தாய்க்கு ஒரு ஹீட்டர் வாங்கிக் கொடுத்தீர்களா? கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு கோடைக்காலப் பாட்டைப் பாடினார்களே எங்கள் ஆட்கள், அது எந்தத் தாய் வீட்டில்?

'தொப்பிக்கடை மேபெல்' நாடகத்தைப் பெரிய அரங்குகள் நூறு வருஷத்துப் பழசு என்று ஒதுக்கிவிட்டன. முட்டியோடு முட்டி இடிக்க ஐம்பது பேர் உட்காரும் இந்த அறையில் அதை மறுபடி ஏற்றுவேன் என்று கிளம்பியவர் யார்? டிலிஸ்! ஊரே ஆடவேண்டிய ஆட்டத்தை ஆறு பேரை வைத்து ஆடவைத்தவர் யார்? டிலிஸ்! பின்கதவால் ஓடி, மதுக்கடை வழியாகச் சுற்றி, தொப்பியை மாற்றிக்கொண்டு முன்கதவால் வேறு ஆளாக வருவார்கள். ஒத்திகையில் அப்படி ஓடிய ஒருவரைக் கீழே குடித்துக்கொண்டிருந்தவர் நிறுத்தி, "தம்பி, ரெண்டு சிப்ஸ் பாக்கெட்" என்று கேட்டுவிட்டார். மேலிருந்து டிலிஸ் கத்தினார்: "குடுத்துட்டு ஓடி வாய்யா, கிளிஃப் இழுத்து வாசிப்பான்!" வாசித்தேன். விரல் வீங்கிப்போனது.

தலைவர் அவர்கள் அப்போது என்ன சொன்னார் தெரியுமா? "அந்துருண்டை வாசம் அடிக்குது, டிலிஸ்." அந்த அம்மாள் சளைக்கவில்லை. "அந்துருண்டை போட்டதாலதான் ரூபர்ட், துணி இன்னும் ஓட்டை விழாம இருக்கு. உதறிப் போட்டுப் பார்த்துட்டுப் பேசு."

சங்கடம் கடைசி வரியில். கணவனிடம் இனி எதிர்ப்பேச்சே பேசமாட்டேன் என்று மேபெல் சத்தியம் செய்கிற வரி. இந்தக் காலத்தில் யார் சகிப்பார்கள்? வெட்டு என்றார்கள். டிலிஸ் ஒரு சொல்லைக்கூட வெட்டவில்லை. துடைப்பத்தைக் கணவன் கையில் கொடுத்தார்; கல்லாச் சாவியை மேபெல் இடுப்பில் செருகினார். அந்த வரியை எப்படிச் சொல்வது என்பதை மேபெலாக நடிக்கும் கீலியின் காதில் மட்டும் சொன்னார். எனக்குக்கூடச் சொல்லவில்லை.

ஏன்? நாடகத்தின் கடைசி வரியை ஒத்திகையில் உச்சரிக்கக் கூடாது. முதல் நாள், பார்வையாளர் முன்னால்தான் அது முதன்முதலாக வாயைவிட்டு வரவேண்டும். இது நம் வழக்கம். கீலி அந்த இடத்தில் "லலல்லா" என்று நிறுத்திவிடுவாள்.

போன வாரம் ஒத்திகை பார்க்க வந்த தலைவர் என்ன செய்தார்? பிரதியைப் பிடுங்கினார், மேடையேறினார், அந்த வரியைக் கேலிக்குரலில் வாசித்தார்! டிலிஸ் எழுந்தார். "வெளியே போ, ரூபர்ட். மூணு சுத்து சுத்து. கதவைத் தட்டு. உள்ளே வரலாமான்னு கேளு." மேடை வழக்கத்தை மீறியவருக்கு அதுதானே பரிகாரம்? தலைவர் சிரித்தார். "இன்னுமா இந்தக் கூத்தெல்லாம்?" என்று கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

தெரியாதவர் செய்தால் போகட்டும் என்று விடலாம். நீங்கள் யார், ரூபர்ட்? இளமையில் இதே டிலிஸிடம் தொப்பி மாற்றி ஓடியவர்தானே நீங்கள்!

ஞாயிற்றுக்கிழமை டிலிஸின் இதயம் நின்றுவிட்டது. அதற்கும் இதற்கும் முடிச்சுப் போட நான் மடையன் அல்ல. ஆனால் திங்கட்கிழமையே அறிவிப்பு ஒட்டினீர்களே, "மறைந்தவருக்கு மரியாதையாக நாடகம் ரத்து" என்று, அதற்குத்தான் என் வயிறு எரிகிறது. மரியாதையா? அவர் கடைசியாகச் செய்த வேலையைப் பூட்டிவைப்பதா மரியாதை? ஒரு மனுஷி ஒரு வரிக்காக உயிரைக் கொடுத்து உழைத்தாள். அதை உலகத்தில் கடைசியாகச் சொன்னது உங்கள் கேலிவாயாக இருக்க வேண்டுமா? விடமாட்டோம்!

அன்பர்களே, டிலிஸின் பெயரால் சொல்கிறோம்: முன்பே குறித்தபடி வியாழக்கிழமை மேபெல் கடை திறப்பாள். இந்த மாடி பூட்டிக் கிடந்தால் கீழே மதுக்கடையில் திறப்பாள். பிரெண்டா அம்மா தலையாட்டுகிறார், பாருங்கள்!

தலைவர் அவர்களே, பரிகாரம் இன்னும் பாக்கி இருக்கிறது. கதவு அந்தப் பக்கம்.

சிரிக்காதீர்கள், வழிவிடுங்கள்... எழுந்துவிட்டார். போகிறார். கீலி, கதவைச் சாத்து. சாவித் துவாரம் வழியாகப் பார். சுற்றுகிறாரா? ஒழுங்காகச் சுற்றச் சொல்.

தட்டுகிறார்.

அவசரப்படாதே, கீலி. வியாழக்கிழமை நாடகம் உண்டா என்று முதலில் கேள்.

என்ன சொல்கிறார்? காதில் விழவில்லையா? பழைய நடிகர்தானே, கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரிச் சொல்லச் சொல். டிலிஸ் எப்போதும் அங்கேதான் உட்காருவார்.

"உண்டு" என்கிறார், இப்போது கேட்டது. கதவைத் திற.