ஜபீனின் தொண்டை

ஆவி பிடிப்பது தொண்டைக்கு நல்லது மேடம். பாடுகிறவர்கள் யார் கேட்டாலும் நான் சொல்வது அதுதான். ஜபீனுக்கு அந்த ஆவி மிஷினை மீஞ்சூரில் வாங்கிக் கொடுத்ததும் நான்தான்.

'இரும்புத் தூசி' பேண்டை ஆரம்பித்தது நாங்கள் மூன்று பேர். ஸ்டீல் மில்லில் வேலை பார்த்த குணா டிரம்ஸ். பழவேற்காட்டு மொஹசின் கிட்டார். நான் ஒரு கெமிக்கல் கம்பெனி லேபில் இருக்கிறேன். பேஸ் கிட்டாரும் பாட்டும் என் பொறுப்பு. இரண்டு வருஷம் கல்லூரி விழாக்களில் பாடினேன். அப்புறம் மொஹசினின் தங்கை ஜபீன் ஒத்திகை பார்க்க வந்தவள், சும்மா இரண்டு வரி பாடிக் காட்டினாள். குணா குச்சிகளைக் கீழே வைத்தான்.

"மோகனு, இன்மே நீ பாடாத நைனா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

நல்ல குரல், சுத்தமான குரல். ஆனால் வெளியே யாரும் கண்டுகொள்ளவில்லை. கும்மிடிப்பூண்டியில் எங்கள் ஒத்திகை ஷெட்டுக்குப் பின்னால் இருந்த ஃபேக்டரியில் ஒருநாள் ஏதோ வாயு கசிந்தது. கண்ணெல்லாம் எரிச்சல். ஜபீன் இருமிக்கொண்டே பாடினாள்; குரலில் ஒரு கீறல் விழுந்திருந்தது. அப்படியே பதிவு செய்து இணையத்தில் ஏற்றினோம். மூன்று வாரத்தில் ஆறு லட்சம் பேர் கேட்டார்கள். பெங்களூரில் கூப்பிட்டார்கள், கொச்சியில் கூப்பிட்டார்கள். மொஹசின் வாப்பாவின் கடையை விட்டான். குணா மில்லை விட்டான்.

அதற்குள் அவள் தொண்டை ஆறிவிட்டிருந்தது. அடுத்த பாட்டை யாரும் சீந்தவில்லை. அந்தக் கீறல் எங்கே போயிற்று என்று கேட்டு எழுதினார்கள். இரண்டு பேர் வேலையை விட்டுவிட்டு நிற்கும்போது ஒருவனாவது பொறுப்பாக யோசிக்க வேண்டாமா? எங்கள் லேபில் நான் அறியாத பாட்டில் கிடையாது. ஆவிக்கு ஊற்றும் தண்ணீரில் இரண்டு சொட்டு. முதலில் ரெக்கார்டிங்குக்கு மட்டும். பிறகு ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன்னால். மிஷினைச் சோதனைக்கு அனுப்பியிருப்பீர்கள். முடிவுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

கொச்சியில் அவள் ரத்தம் துப்பினாள். அமிலம் போன்ற ஏதோ ஒன்று தொண்டையைச் சுட்டிருக்கிறது என்றார் டாக்டர். அதற்குப் பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதே குறைந்துபோனது. சேர்ந்து சாப்பிடுவது நின்றது. தங்கைக்கு டீ வந்தால் மொஹசின் முதலில் ஒரு வாய் குடித்துப் பார்ப்பான். நான் அவனிடம் ஒன்றுதான் சொன்னேன். "குணா குடுக்கறத மட்டும் கொஞ்சம் பாத்துக்கோ." குணாமேல் எனக்குக் கோபமில்லை. சந்தேகத்துக்கு ஓர் ஆள் கிடைத்தால் மற்றவர்கள் நிம்மதியாக இருப்பார்கள் என்று நினைத்தேன்.

நெல்லூரிலிருந்து திரும்பும்போது வேனில் மொஹசின் குணாவின் சட்டையைப் பிடித்தான்.

"இன்னாடா கலந்த எந்தங்கச்சிக்கு?"

"எம்பொண்ணு மேல சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது மச்சான். இத்தினி வருசம் கூட இருந்துகினு என்னைப் போய் கேக்கறியே."

குணா ஆரம்பாக்கத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டான். அவன் அழுதது எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஜபீன் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். அப்போதே அவள் குரலில் பாதி காற்றுதான் வந்தது.

"அண்ணா, உன்னத் தவுர யாரையும் நம்ப முடியல."

மறுநாள் காலையும் மிஷினுக்கு நான்தான் தண்ணீர் ஊற்றினேன். அளவைக் கூட்டியதும் அன்றைக்குத்தான்.

சென்னை நிகழ்ச்சியில் மேடை ஏறுவதற்கு முன் அவள் மூச்சுத் திணறி விழுந்தாள். மொஹசின் ஆம்புலன்ஸில் கூடப் போனான். தொண்டையில் போட்ட துளை வழியாகத்தான் இன்று அவள் மூச்சு விடுகிறாள். இனிமேல் பேச்சு வராது என்கிறார்கள். ஆனால் வெளியே எட்டாயிரம் பேர் காத்திருந்தார்கள். யாராவது பாட வேண்டும் அல்லவா? லேப்டாப்பில் தாளத்தை ஓடவிட்டு நான் பாடினேன். தடுமாறவில்லை. அவளுடைய எல்லாப் பாட்டையும் மூன்று மாதமாக வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பாடிப் பழகியிருந்தேன்.

மூன்றாவது பாட்டுக்குள் மைதானம் காலியாகிவிட்டது. மழை பிடித்துக்கொண்டது மேடம், அதனால்தான். அன்று சென்னையில் எங்குமே மழை இல்லை என்று உங்கள் ஃபைலில் எழுதியிருக்கிறது. அதை மட்டும் திருத்திவிடுங்கள்.