திரும்பத் தெரிந்த படகு

நீண்ட ஏரா வைத்த படகில் ஒரு சௌகரியம் உண்டு, ஐயா. சுக்கானைக் கட்டிவிட்டு நிம்மதியாகத் தேநீர் குடிக்கலாம். மூக்கிலிருந்து வால்வரை அடியில் ஓடுகிற அந்த ஏராக் கட்டைதான் முதுகெலும்பு; படகை நேராகப் பிடித்துக்கொள்ளும். ஆழ்கடலிலும் தன் பாட்டுக்குப் போகும்.

அந்தப் படகு எனக்கும் என் மனைவியின் அண்ணனுக்கும் பொது. வாங்கியது இருவரும், பலகை மாற்றி, பாய் தைத்து, மிதக்கவைத்தது நான். மச்சான் நண்பர்களைக் கூட்டிக்கொண்டு வருவார். காலை நீட்டி உட்கார்ந்து, "மாப்ளே, இது படகு இல்ல, எருமை. திருப்பச் சொன்னா யோசிக்குது" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். பாயைத் தளர்த்திச் சுக்கானை மெல்லத் தள்ளினால் அழகாகத் திரும்பும் என்று விளக்குவேன். சுவரிடம் பேசியதுபோல்தான். பாதுகாப்புக் கயிற்றை இடுப்பில் மாட்டச் சொன்னதையும் அவர் காதில் போட்டுக்கொண்டதில்லை. மனைவியிடம் முறையிட்டால், "அண்ணன் அப்படித்தான், நீங்க விட்டுக்குடுங்க" என்பாள். விட்டுக்கொடுத்தே தேய்ந்துபோனேன்.

வண்ணம் பூசப் படகைக் கரையேற்றியிருந்தோம். பட்டறைக்குப் போனால் ஏராவின் நடுவில் சுண்ணக்கட்டிக் கோடு. மிஸ்திரி தலையைச் சொறிந்தார். மழைக்காலம் முடிந்ததும் அதை அறுத்துவிட்டு, சட்டென்று திரும்புகிற மாதிரி குட்டையாக ஒன்று பொருத்தும்படி மச்சான் சொல்லிவிட்டுப் போனாராம். மச்சானிடமே கேட்டேன். "ஒங்கிட்ட கேட்டா நீ ஒத்துக்கவா போற?" என்றார்.

நான் சண்டை போடவில்லை. அறுப்பதற்குமுன் படகை இறக்கி ஒருமுறை போய்வரலாம் என்று கூப்பிட்டேன். அன்றைக்கு மட்டும் கயிற்றைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. எத்தனை தரம்தான் சொல்வது. கரை மறைந்ததும் காற்று வலுத்தது. கைபேசியில் படமெடுக்க அவர் விளிம்பில் ஏறினார். ஒரு அலை, அவ்வளவுதான். நான் தள்ளவில்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த ரகப் படகு சட்டென்று திரும்பாது என்று முதலில் உங்களிடம் சொன்னேன். நீங்களும் நம்பினீர்கள். அது அவர் பேச்சு, ஐயா. அந்தக் காற்றில் ஒரே வீச்சில் திருப்பி அவர் பக்கத்தில் நிறுத்தியிருக்க முடியும். ஆனால் சுக்கானை நான் தொடவே இல்லை. படகு இம்மியும் விலகாமல் நேராகப் போயிற்று. பார்க்கப் பெருமையாகக்கூட இருந்தது.

அண்ணன் ஏதாவது சொன்னாரா என்று மனைவி கேட்டுக்கொண்டே இருக்கிறாள். காற்றில் காதில் விழவில்லை என்று சொல்லிவைத்திருக்கிறேன். தெளிவாகத்தான் விழுந்தது. "மாப்ளே, திருப்பு" என்றார். அப்போதும் உத்தரவுதான். தயவாக ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த நொடியே திருப்பியிருப்பேன், ஐயா. நான் அவ்வளவு கல்நெஞ்சக்காரன் இல்லை.