எதிர்த்து நிக்க ஒரு ஆள்

— அதெல்லாம் இருக்கட்டும் டெல்மர். இந்தத் தடவை கமிஷனர் தேர்தலுக்கு மனுப் போடுறியா, இல்லையா? அத மட்டும் சொல்லு.

— காப்பி ஆறுது கமிஷனரம்மா. முதல்ல குடி.

— நாலு மணிக்குக் கவுண்டி ஆபீச மூடிருவாங்கய்யா. இன்னைக்குத்தான் கடைசி நாள்.

— எனக்கும் காலண்டர் பாக்கத் தெரியும், ஆர்லீன். நீ ஆபீஸ்ல இருந்தா வர்றே?

— எங்க! காலையில இருந்து வடக்கு ரோட்டுலதான். பனி உருகி, ரோடு பாதி ஓடையில கிடக்கு. அந்தச் சேத்தோடதான் வந்து நிக்கிறேன்.

— நல்லாருக்கு. இந்த டக்கோட்டாவுல எவளாவது எதிராளி வீடு தேடி வந்து, ‘என்ன எதிர்த்து நில்லு’ன்னு கெஞ்சுவாளா? போட்டியில்லாம ஜெயிச்சிட்டு, வீட்டுல கால நீட்டிப் படுக்க வேண்டியதுதானே?

— என் வீட்டுக்காரர் கிளிஃபோர்ட் போனதுல இருந்து அதத்தான்யா செய்யிறேன். தேர்தல்னு ஒண்ணு வந்தாத்தான் நாலு வீட்டுக் கதவத் தட்ட முடியுது. போட்டியே இல்லேன்னா எந்தச் சாக்குல போவேன்?

— பக்கத்துப் பண்ணைக்குப் போக ஒரு சாக்கு வேணுமாக்கும் உனக்கு!

— உனக்கு வேணாமா? உன் சம்சாரம் ஐரீன் அடக்கத்துக்கு அப்புறம் நீ யார் வீட்டுக்குப் போனே, சொல்லு பாப்போம்.

— சர்க்கரை போட்டுக்கோ.

— போன மாசக் கூட்டத்துக்கு ஒரு ஈ காக்கா வரல டெல்மர். ‘பொதுமக்கள் யாராவது பேசுறீங்களா’ன்னு காலி நாற்காலிங்களப் பாத்துக் கேட்டேன். முறைன்னு ஒண்ணு இருக்கே, கேட்டுத்தானே ஆகணும். மத்த கமிஷனருங்க கார்ச் சாவியக் கையில வச்சிட்டு உக்காந்திருந்தாங்க. நீ இருந்தா மேஜையக் குத்திக் கத்தியிருப்பே.

— நான் கத்துனப்ப நீ என்ன பண்ணுனே? ‘மிஸ்டர் க்விஸ்ட், உங்க நேரம் முடிஞ்சது’ன்னு சுத்தியலத் தட்டுனே.

— தட்டுனேன். இப்ப தட்டுறதுக்கு ஆள் இல்ல.

— எல்லாம் என் வாயால வந்த வினை. ஸ்கூல் பஸ் ஓட்டிட்டு இருந்தவ, நீ பாட்டுக்கு ஓட்டிட்டு இருந்திருப்பே.

— பிள்ளைங்களோட பனியில மாட்டிக்கிட்டு, இருட்டுற வரைக்கும் பனி தள்ளுற வண்டி ஒண்ணு வரல. மறுநாள் வந்து உன் முன்னாடி நின்னு அழுதேன். கமிஷனர் நாற்காலியில சாஞ்சுக்கிட்டு நீ என்ன சொன்னே?

— ‘அவ்வளவு சுலபம்னா நீ வந்து உக்காரு’ன்னேன்.

— வந்து உக்காந்துட்டேன்.

— உக்காந்தவ எந்திரிக்கவே இல்ல. நானும் தடவைக்குத் தடவை நிக்கிறேன், மண்ணக் கவ்வுறேன். ரோட்டச் சொன்னேன், வரியச் சொன்னேன், பாலத்தச் சொன்னேன். இந்த ஜனம் உனக்குத்தான் குத்துது.

— பாலத்த மூடுனத நினைச்சு இன்னும் கோவமா?

— கல்லறைத் தோட்டம் ஓடைக்கு அந்தக் கரையில, அதோ, இந்த ஜன்னல்ல தெரியுது. ஐரீன் பெட்டிய ஊரெல்லாம் சுத்தில்ல கொண்டு போனோம்.

— தெரியும். பின்னாலயே வந்தேன். கார விட்டு இறங்கல.

— ஏன் இறங்கல?

— பாலத்த மூடுனவ, எந்த முகத்தோடய்யா வந்து உன் பக்கத்துல நிப்பா?

— இந்தா பாரு, வெளியில போய்ச் சொன்னேன்னு வை, சொல்லவே இல்லேம்பேன். அந்தத் தூணுக்கு அடியில நானே இறங்கிப் பாத்தேன். அரிச்சுப் போய்க் கிடந்துச்சு. அதிகாரம் என் கையில இருந்திருந்தா நானும் மூடித்தான் இருப்பேன்.

— அடப்பாவி! அப்புறம் ஏன்யா மேடைக்கு மேடை என்னத் திட்டுனே?

— எதிர்த்து நிக்கிறவன் மாலை போட்டுப் பாராட்டவா செய்வான்?

— எந்திரி டெல்மர். கெஞ்சிக் கேக்குறேன். என் வண்டியிலயே போயிரலாம். மனுவுல முதல் கையெழுத்து நான் போடுறேன். நீ ஜெயிச்சு நான் வீட்டுக்குப் போனாலும் சரி. மாசாமாசம் உன் கூட்டத்துக்கு வந்து, நானாவது கத்திட்டுப் போறேன்.

— உக்காரு ஆர்லீன்.

— நேரம் இல்லய்யா!

— இருக்கு. காலையில ஆபீஸ் திறந்ததுமே போய் மனுவக் குடுத்துட்டு வந்துட்டேன்.

— என்னது? வந்ததுல இருந்து தொண்டத் தண்ணி வத்தக் கெஞ்சிட்டு இருக்கேன், கல்லு மாதிரி உக்காந்து கேட்டுட்டு இருக்கே! அப்பவே சொல்றதுக்கு என்ன?

— சொல்லியிருந்தா, அப்பவே வண்டியத் திருப்பிட்டுப் போயிருப்பியே.