பாதங்களின் நடுவே ஒரு புத்தர்

ஆய்வாளர் அவர்களுக்கு,

நவம்பர் பன்னிரண்டாம் தேதி முதல் என் புத்தர் சிலை தங்கள் காவல் நிலையப் பொருளறையின் வெறுந்தரையில் வைக்கப்பட்டிருக்கிறது. என் குறை இது ஒன்றே. மற்றவற்றைக் குறித்துத் தங்கள் எழுத்தர் தயாரித்த அறிக்கையில் எழுவாய்க்கும் பயனிலைக்கும் உறவே இல்லை. போதாக்குறைக்கு, 'ஆத்திரத்தில் அடித்தேன்' என்றும் எழுதியிருக்கிறார். எனக்கு ஆத்திரம் வரவில்லை. ஆகவே நானே எழுதித் தருகிறேன்.

ஓய்வுபெறும் வரை மண்டலேயில் ஆசிரியராக இருந்தேன். பூசை மாடத்தில் எறும்பு ஊர்ந்தால் இறகால் ஒதுக்கிவிடுவேன், நசுக்கியதில்லை.

என் மனைவி நின் யீ இறந்தபோது, அவள் பெயரில் புண்ணியம் சேர, அந்த மாடத்தில் ஒரு பளிங்குப் புத்தரை அமர்த்துவதாக வாக்களித்தேன். சிற்பி மின் தூ என் பழைய மாணவன். வகுப்பில் ஆசிரியரை அழைப்பதுபோல் என்னை இன்னமும் 'சயா' என்றே அழைப்பான். சிற்பிகள் தெருவில் முகத்தை மட்டும் வெறும் கட்டியாக விட்டுவைப்பார்கள். வாங்குபவர் விருப்பத்தைக் கேட்ட பிறகே செதுக்குவார்கள். இமைகள் தாழ்ந்திருக்க வேண்டும், உதட்டோரம் சற்றே மலர்ந்திருக்க வேண்டும் என்றேன். அப்படியே செதுக்கினான். வேலையில் குறை சொல்ல இடமில்லை.

முகம் முடிந்துவிட்டதென்று ஆள் அனுப்பினான். சென்று பார்த்தேன். வாயில் வெற்றிலையுடன் தரையில் அமர்ந்து, ஒரு சாண் உயரமே உள்ள அந்தச் சிலையைத் தன் இரு உள்ளங்கால்களுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு மெருகேற்றிக்கொண்டிருந்தான். அவனுடைய இடக்காலின் பெருவிரல் புத்தரின் கன்னத்தில் பதிந்திருந்தது.

காலை எடுக்கும்படி பொறுமையாகச் சொன்னேன்.

"பிக்குங்க வந்து ஓதுற வரைக்கும் இது வெறும் கல்லுதான், சயா," என்று சிரித்தான். "எங்கப்பாவும் இப்படித்தான் பிடிப்பாரு. எனக்கு இருக்கிறது ரெண்டு கை. அன்னிக்கு பெஞ்சு மேல ஏத்தினீங்க, இன்னிக்கு எதுமேல ஏறட்டும்?"

இரண்டாம் முறையும் பொறுமையாகவே சொன்னேன். அவன் பாதங்களை இன்னும் இறுக்கினான். சிலை வழுக்கியதால் இருக்கலாம்.

சுத்தியல் அருகிலேயே கிடந்தது. முதல் அடி முழங்காலில். கால் விலக வேண்டும் என்பதே நோக்கம், விலகியது. சிலையை எடுத்து மேசைமேல் வைத்தேன். அவன் தகாத சொற்களைக் கூவத் தொடங்கினான். புத்தரின் முன் அத்தகைய சொற்கள் கூடா. ஆகவே வாயில் அடித்தேன். பிறகு, அவன் அடங்கும் வரை, தலையில். எலும்பு பளிங்கைவிட எளிதில் உடைகிறது.

சிலையின் மடியில் இரத்தம் தெறித்திருந்தது. பளிங்கில் கறை விரைவாக இறங்கிவிடும். அங்கே ஒரு குடம் தண்ணீர்தான் இருந்தது. மின் தூ அப்போதும் உயிருடன் இருந்தான். "தண்ணி, சயா" என்றான். இதை நான் மறைக்க விரும்பவில்லை. சிலையைக் கழுவ முழுக் குடமும் தேவைப்பட்டது. புத்தரின் வலது முழங்காலில் மட்டும் சற்றுச் சிவப்பு தங்கிவிட்டது. கழுவி முடித்தபோது அவன் மூச்சு நின்றிருந்தது. சிலையைத் தலைமேல் சுமந்துகொண்டு நானே தங்கள் நிலையத்துக்கு நடந்து வந்தேன்.

நின் யீயின் மாடம் இன்னும் வெறுமையாக இருக்கிறது. நானோ என் அறைக் கம்பிகளின் வழியே பொருளறையைப் பார்த்தபடி இருக்கிறேன்.

சிலையைத் தலைக்கு மேலான உயரத்தில் இன்றே வையுங்கள். அதை நோக்கிக் கால் நீட்டி உறங்குகின்ற இளங்காவலரின் பெயரையும் எனக்குத் தெரிவியுங்கள். அவரிடமும் நான் பொறுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.